‘சாம்போ’வின் 24 நிமிடம் எங்கே போனது? மாயக்கதைப் படங்களின் மறுவெட்டும் மறுடப்பிங்கும்

#1 வடதிசை

அலெக்சாந்தர் புதுஷ்கோ இயக்கிய ‘சாம்போ’ (1959), சோவியத் யூனியனின் மாஸ்ஃபிலிமும் பின்லாந்தின் சுவோமி-ஃபிலிமியும் கூட்டாக எடுத்த படம். மூலம் ஃபின்னிஷ் காப்பியமான ‘கலேவலா’. கேட்டதையெல்லாம் அரைத்துக் கொட்டும் சாம்போ என்ற மாய ஆலை, அதற்கு ஆசைப்படும் லோவ்ஹி என்ற சூனியக்காரி, கடைசியில் அவள் சூரியனையே திருடி மலைக்குள் பூட்டிவிடுவது என்று குழந்தைகள் வாய்பிளந்து பார்க்கும் கதை. அசல் ஓட்டம் 91 நிமிடம். 1964-இல் அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் அதை ‘த டே த எர்த் ஃப்ரோஸ்’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது 67 நிமிடம்தான் இருந்தது.

24 நிமிடம் என்றால் 35 எம்எம்மில் 2160 அடி. ஆயிரம் அடி ரீல் இரண்டைத் தூக்கி வெளியே வைத்தாலும் இன்னும் 160 அடி மிச்சம். எந்தக் காட்சி போனது என்று பட்டியல் போடுவது எளிது. நான் கேட்க வந்தது செய்முறை பற்றி. இந்த மாதிரி வெட்டி டப் செய்த படங்களில் வெட்டு விழுந்த இடத்தைக் கண்ணைவிடக் காதுதான் முதலில் கண்டுபிடிக்கிறது. ஏன் அப்படி? ஒரு வெளிநாட்டுக் குடும்பப் படம் கைக்கு வந்தால் எந்த வரிசையில் வேலை நடக்கும், எங்கே தவறும்? தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள்.

#2 ஒலித்தச்சன்

நல்ல கேள்வி. எதை வெட்டலாம், எதை வெட்ட முடியாது என்பதைப் பல சமயம் எடிட்டர் முடிவு செய்வதில்லை. கைக்கு வந்த ஒலித்தடம்தான் முடிவு செய்கிறது.

ஒரு படத்தின் ஒலியில் மூன்று அடுக்கு உண்டு: வசனம், இசை, சத்தங்கள். டப்பிங்குக்குத் தேவை வசனம் நீக்கிய தடம். தொழிலில் அதை ‘எம் அண்ட் இ’ (மியூசிக் அண்ட் எஃபெக்ட்ஸ்) என்போம். அது முழுமையாகக் கிடைத்தால் அதன்மேல் எந்த மொழியையும் ஏற்றலாம். கிடைக்காமல் மூன்றும் கலந்த ஒரே தடம் வந்தால், வசனம் வரும் இடமெல்லாம் அசல் இசையையும் சத்தத்தையும் சேர்த்தே தூக்கியெறிய வேண்டும். ஒருவன் நடந்துகொண்டே பேசினால் அவன் காலடி போகும். கடற்கரையில் பேசினால் அலை போகும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் கதைசொல்லியின் குரலும் எங்கிருந்தோ எடுத்த சேமிப்பு இசையும் வருகின்றன. ‘கதை புரியட்டும் என்று கதைசொல்லியைச் சேர்த்தார்கள்’ என்பார்கள். பாதி இடங்களில் அடியில் ஒலி இல்லாததால்தான் அவர் பேசுகிறார்.

வெட்டு காதில் விழுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 35 எம்எம் பிரிண்ட்டில் ஒரு ஃபிரேமுக்கான ஒளிவழி ஒலி (பிரிண்ட்டின் ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதிந்த ஒலி) அந்த ஃபிரேமுக்குப் பக்கத்தில் இருக்காது. 21 ஃபிரேம் முன்னால் பதிந்திருக்கும். புரொஜெக்டரில் படம் காட்டும் வாயிலுக்குக் கீழே ஒலி வாசிக்கும் உருளை இருப்பதால் அப்படி. இந்தப் பிரிண்ட்டையே கத்தரித்து ஒட்டினால், படம் அடுத்த காட்சிக்கு மாறிய பிறகும் 21 ஃபிரேமுக்கு, அதாவது விநாடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் 0.875 விநாடிக்கு, வெட்டியெறிந்த காட்சியின் தொடக்க ஒலி கேட்கும். அடுத்த காட்சியின் முதல் 21 ஃபிரேம் ஒலி அடியோடு போயிருக்கும். “வா இங்கே” என்று ஒருவர் அழைத்தபடி காட்சி தொடங்கினால் “வா” காணாமல் போவது இதனால்தான்.

#3 மேசைவெட்டு

> இந்தப் பிரிண்ட்டையே கத்தரித்து ஒட்டினால்

ஒலித்தச்சன் சார் சொன்ன கணக்கு சரி, ஆனால் அது தியேட்டர் ஆபரேட்டரோ சின்ன விநியோகஸ்தரோ கையால் வெட்டும்போது நடப்பது. முறையாக வாங்கி மறுவெட்டு செய்கிறவர் பிரிண்ட்டைத் தொட மாட்டார். படத்துக்கு ஒரு டூப் நெகட்டிவ் (நகல் நெகட்டிவ்), ஒலிக்குத் தனி மேக்னடிக் ஃபிலிம். இரண்டையும் ஒரே பல்சக்கர உருளையில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, நேருக்கு நேர் வெட்டுவார். கடைசியில் லேபில் பிரிண்ட் போடும்போதுதான் ஒலியை 21 ஃபிரேம் முன்னுக்குத் தள்ளுவார்கள். அதுவரை அந்த இடைவெளியே கிடையாது.

வேலை வரிசை என்று வடதிசை கேட்டதற்கு:

முதலில் அசல் மொழி தெரிந்த ஒருவர் முழுப் படத்தையும் வசன வசனமாக எழுதித் தர வேண்டும். சுருக்கம் போதாது. ஒவ்வொரு வசனமும் எந்த ரீலில், எந்த அடியில் தொடங்கி எந்த அடியில் முடிகிறது என்ற எண்ணோடு வேண்டும். ஒரு அடிக்கு 16 ஃபிரேம் என்பதால் “மூன்றாம் ரீல், 412 அடி 6 ஃபிரேம்” என்று எழுதினால் இடம் துல்லியமாகிவிடும். இப்போது அதே வேலையை டைம்கோடு செய்கிறது.

இந்தப் பட்டியல் வராமல் வெட்டில் உட்காரவே கூடாது. கதை புரியாமல் வெட்டினால், எட்டாம் ரீலில் பயன்படப்போகிற பொருளை இரண்டாம் ரீலில் அறிமுகப்படுத்தும் காட்சியைத் தூக்கிவிடுவோம். மாயக்கதைப் படத்தில் இது கொடுமை. மோதிரம், விதை, பெயர், சாபம் எல்லாமே முன்பு நட்டுப் பின்பு அறுப்பவை. அதனால் வெட்டு மேசையில் ஒரு தாள் ஒட்டி வைப்பது வழக்கம்: இடப்பக்கம் ‘எங்கே முதலில் வருகிறது’, வலப்பக்கம் ‘எங்கே பலிக்கிறது’. இடப்பக்கம் ஒன்றை வெட்டினால் வலப்பக்கத்தையும் வெட்ட வேண்டும், இல்லையென்றால் வசனத்தில் எங்காவது அதைச் சொல்லியாக வேண்டும்.

பிறகு வெட்டு. பிறகு பூட்டு: இனி ஒரு ஃபிரேம்கூட மாறாது என்று தயாரிப்பாளரிடம் கையெழுத்து. பிறகுதான் டப்பிங் வசனம், குரல் பதிவு, சத்தம் நிரப்புதல், கலவை. வரிசை தப்பினால் செலவு இரட்டிப்பாகும். குரல் பதிந்த பிறகு “இந்தக் காட்சியில் இன்னும் 8 விநாடி எடுத்துவிடுங்கள்” என்று ஒரு வார்த்தை வந்தால் அந்த ரீலின் மிச்சம் முழுவதும் 192 ஃபிரேம் நகரும். குரல், இசை, காலடி எல்லாத் தடத்தையும் மாற்றப் பட்டியல் வைத்து ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும். ஒரு தடம் விட்டுப்போனால் கதவு சாத்திய பிறகு சாத்தும் சத்தம் வரும்.

#4 ஒலித்தச்சன்

ஏற்கிறேன், டூப் நெகட்டிவில் செய்தால் 21 ஃபிரேம் தொல்லை இல்லை. ஆனால் குழந்தைகளுக்கான மேட்னி, பள்ளித் திரையிடல் என்று 16 எம்எம்மில் சுற்றிய பிரதிகள் பின்னால் பலர் கையில் வெட்டுப்பட்டன. 16 எம்எம்மில் இடைவெளி 26 ஃபிரேம், ஒரு விநாடிக்கும் மேல். இன்று இணையத்தில் கிடைக்கும் பழைய ஆங்கில வடிவங்களில் தொலைக்காட்சிக்காகப் போன 16 எம்எம்மிலிருந்து எடுத்தவை நிறைய. ஆக ஒரே பிரதியில் இரண்டு தலைமுறை வெட்டு இருக்கலாம், இறக்குமதியாளர் வெட்டியது ஒன்று, பின்னால் யாரோ வெட்டியது இன்னொன்று. ஒலி வெட்டும் பட வெட்டும் ஒரே ஃபிரேமில் விழுந்தால் முதலாமவர். ஒலி ஒரு விநாடி தள்ளி விழுந்தால் இரண்டாமவர். வடதிசை இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்.

#5 பெட்டிச்சுருள்

ஒப்பிடுவதற்கு முன் ஒன்று. உங்கள் கையில் இருக்கும் பிரதி எந்த வேகத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். ஐரோப்பிய டிவிடி என்றால் 24 ஃபிரேம் படத்தை 25-இல் ஓட்டியிருப்பார்கள். 91 நிமிடப் படம் 87 நிமிடம் 22 விநாடியில் முடிந்துவிடும். ஒரு ஃபிரேமும் வெட்டாமலே மூன்றரை நிமிடம் ‘காணாமல்’ போகும். குரலும் இசையும் முக்கால் அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக மேலேறிக் கேட்கும். இது தெரியாமல் ‘தணிக்கை செய்துவிட்டார்கள்’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, ‘அசல்’ எது என்பது. ‘சாம்போ’வின் ஒவ்வொரு காட்சியும் நான்கு முறை எடுக்கப்பட்டது. ரஷ்ய மொழியில் ஒன்று, ஃபின்னிஷில் ஒன்று. இரண்டுமே அகலத்திரைக்கும் சாதாரணத் திரைக்கும் தனித்தனி. லெம்மின்காய்னனாக நடித்த ஆன்ட்ரிஸ் ஓஷின் லாட்வியர், அன்னிக்கியாக நடித்த ஏவே கிவி எஸ்டோனியர், வாய்னமோய்னனாக நடித்த உர்ஹோ சோமர்சால்மி பின்லாந்துக்காரர். எந்த வடிவத்தை எடுத்தாலும் யாரோ ஒருவர் தன் தாய்மொழி அல்லாததைப் பேசுகிறார். அமெரிக்கர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று ஒரே வரியில் சொல்வதற்கு முன், சொந்த ஊரிலேயே இந்தப் படம் இரு உருவம் எடுத்ததை நினைவில் வையுங்கள். அமெரிக்க டைட்டில் கார்டில் ஏவே கிவி ‘நீனா ஆண்டர்சன்’ ஆனது வேறு விஷயம், அதை நான் மன்னிக்கவில்லை.

#6 உதட்டெழுத்து

டப்பிங் வசனம் எழுதுவது பற்றி யாரும் இன்னும் தொடவில்லை, அதனால் நான்.

மக்கள் நினைப்பது போல அசைகளின் எண்ணிக்கை முக்கியமில்லை. மூன்று விஷயம் பொருந்தினால் போதும்: வாய் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது, நடுவில் உதடு எங்கே ஒட்டுகிறது. ப, ம இரண்டும் உதட்டை முழுதாக ஒட்டவைப்பவை. வ-வுக்குப் பல் கீழுதட்டில் படும். ஒ, ஓ, உ, ஊ-வுக்கு உதடு குவியும். நெருக்கக் காட்சியில் பார்வையாளர் கண் பிடிப்பது இவற்றைத்தான். க, த, ந, ல எல்லாம் வாய்க்குள்ளே நடப்பவை, யாருக்கும் தெரியாது.

‘சாம்போ’ என்ற சொல்லையே எடுங்கள். நெருக்கக் காட்சியில் இதைச் சொல்ல அரை விநாடி, 12 ஃபிரேம் போதும். வாய் அகலத் திறக்கிறது, நடுவில் ம்-ப சேர்ந்து உதடு கெட்டியாக ஒட்டுகிறது, கடைசியில் ஓ-வுக்குக் குவிகிறது. தமிழில் பெயரை ‘மாய ஆலை’ என்று மாற்றினால் என்ன ஆகும்? ‘மா’வுக்கு உதடு ஒட்ட வேண்டிய தொடக்கத்தில் திரையில் வாய் திறந்திருக்கும். திரையில் ஒட்டும் இடத்தில் ‘ய ஆ’ என்று நாம் திறந்திருப்போம். கடைசியில் அவர் குவிக்க, நாம் ‘லை’ என்று விரிப்போம். மூன்று இடத்திலும் தப்பு, நீளமும் 20 ஃபிரேமைத் தொடும். பெயரை அப்படியே விடுவதுதான் சரி. விளக்கம் வேண்டுமென்றால் யாராவது முதுகைக் காட்டும்போது சொல்லவைக்கலாம்.

தமிழுக்கு இன்னொரு சிக்கல், வினைமுற்று கடைசியில் வருவது. ஒரு மாதிரி வசனம்: “நான் தரமாட்டேன் உனக்கு இந்தச் சாம்போவை” என்ற வரிசையில் அசல் நடிகர் பேசுகிறார், கடைசிச் சொல்லில் கையை ஆலையின்மேல் வைக்கிறார். புத்தகத் தமிழில் “இந்தச் சாம்போவை உனக்குத் தரமாட்டேன்” என்று எழுதினால் கை விழும்போது நம் ஆள் ‘தரமாட்டேன்’ என்கிறார். பேச்சுத் தமிழ் இங்கே கைகொடுக்கும். “தரமாட்டேன், உனக்கு! இந்தச் சாம்போவை!” என்று நாம் தினமும் பேசுகிற வரிசைதான் அது. டப்பிங் வசனம் செயற்கையாகக் கேட்பதற்குப் பாதிக் காரணம், எழுதுகிறவர் பேச்சு வரிசையைப் பயன்படுத்தத் தயங்குவது.

#7 வடதிசை

அருமை. அப்படியானால் புதுஷ்கோவின் இன்னொரு படமான ‘சாத்கோ’வை அமெரிக்காவில் ‘சிந்துபாத்’ ஆக்கியதும் உதட்டுக் கணக்கா?

#8 உதட்டெழுத்து

கதை முதலில் வியாபாரம். அமெரிக்கக் குழந்தைகளுக்கு ரஷ்யாவின் நோவ்கரோத் நகரத்து சாத்கோ யாரென்று தெரியாது, சிந்துபாத் தெரியும். ஆனால் உதட்டில் பாருங்கள்: இரண்டும் ஸ-வில் தொடங்குகிறது, ஆங்கிலத்தில் ‘சின்பாட்’ இரண்டு அசை, ‘சாத்கோ’வும் இரண்டு அசை. நீளம் பொருந்திவிட்டது. பொருந்தாதது நடுவில் வரும் உதடு ஒட்டும் ப, கடைசியில் குவியும் ஓ. தொலைவுக் காட்சியில் தெரியாது, அழுத்தமாகப் பெயர் சொல்லி அழைக்கும் நெருக்கத்தில் தெரியும்.

#9 பெட்டிச்சுருள்

‘சாத்கோ’ (1952) இந்த இழைக்கு மிகவும் தேவையான படம். வெனிஸில் 1953-இல் வெள்ளிச் சிங்கம் பெற்றது. 1962-இல் அமெரிக்காவில் வந்தது ‘த மேஜிக் வாயேஜ் ஆஃப் சின்பாட்’, 79 நிமிடம். ‘சாம்போ’ அளவுக்குப் படம் வெட்டுப்படவில்லை. வேலையெல்லாம் வசனத்தில் நடந்தது. நோவ்கரோத் ‘கோப்பசாண்ட்’ என்ற ஊரானது, வணிகன் மாலுமியானான், புதுஷ்கோ ‘ஆல்ஃப்ரெட் பாஸ்கோ’ ஆனார், நாயகன் செர்கேய் ஸ்தொல்யாரவ் ‘எட்வர்ட் ஸ்டோலர்’ ஆனார். ஆனால் திரையில் ரஷ்ய மர வீடுகள், ரஷ்ய உடை, ரிம்ஸ்கி-கோர்சகவின் இசை எல்லாம் அப்படியே நிற்கின்றன. காது ஒரு நாட்டைச் சொல்ல, கண் வேறு நாட்டைப் பார்க்கிறது. பனிப்போர்க் காலம், ரஷ்யப் படம் என்று தெரிந்தால் அரங்கு கிடைப்பது கடினம் என்ற கணக்கு புரிகிறது. ஆனாலும் அந்தப் படத்தின் வேலைப்பாடு முழுவதும் நோவ்கரோதை உருவாக்கியதில்தான் இருக்கிறது.

அகலத்திரை பற்றி ஒரு எச்சரிக்கை. 2.35 அகலப் படத்தைத் தொலைக்காட்சிக்காக 1.33-க்கு நறுக்கி, அந்த நறுக்கிய பிரதியைப் பார்த்து டப் செய்வது உண்டு. அப்போது ஓரத்தில் நின்று பேசுகிறவர் சட்டகத்துக்கு வெளியே போயிருப்பார். அவருக்கு உதடு பார்க்காமல் நீளமாக எழுதிவிடுவார்கள். பிறகு என்றைக்காவது முழு அகலப் பிரதி கிடைத்து அதே டப்பிங்கை அதில் ஏற்றினால், அந்த ஓரத்து ஆள் வாய் மூடிய பிறகும் பேசிக்கொண்டே இருப்பார். டப்பிங் எப்போதும் இருப்பதிலேயே அகலமான பிரதியைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

#10 சின்னவிழி

மாற்றுக் கருத்து. எட்டு வயதுக் குழந்தை 91 நிமிடம் உட்காருமா? மேட்னி அரங்கில் கார்ட்டூன், இடைவேளை எல்லாம் சேர்த்து நேரம் ஒதுக்குவார்கள். வெட்டுவதே பாவம் என்பது போல இங்கே எழுதுவது சரியில்லை. உதட்டைப் பொருத்துவதிலும் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

நார்வேயைப் பாருங்கள். செக்கோஸ்லோவாகியாவும் கிழக்கு ஜெர்மனியும் சேர்ந்து 1973-இல் எடுத்த சிண்ட்ரெல்லா படம், ‘சிண்ட்ரெல்லாவுக்கு மூன்று கொட்டைகள்’. நார்வே அரசுத் தொலைக்காட்சி அதைக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் வருடாவருடம் போடுகிறது. டப்பிங்கே கிடையாது. செக் மொழி வசனம் அடியில் ஓட, க்னுட் ரிசான் என்ற ஒரே ஆண் குரல் இளவரசன், சிண்ட்ரெல்லா, சிற்றன்னை எல்லாருக்கும் நார்வேஜியனில் சொல்கிறது. தாத்தா கதை சொல்வது போல. தலைமுறை தலைமுறையாக அந்த நாட்டுக் குழந்தைகள் அதைக் கொண்டாடுகிறார்கள். பிபிசியும் 1964-இல் ஜெர்மன் மாயக்கதைப் படம் ஒன்றை மூன்று பகுதியாக இதே பாணியில்தான் போட்டது.

#11 ஒலித்தச்சன்

சின்னவிழி சொன்ன முறை மதிப்புக்குரியது, நான் அதன் ரசிகன். அதற்கு எம் அண்ட் இ தேவையே இல்லை என்பதுதான் அதன் பலம். அசல் ஒலி முழுதாக இருக்கிறது: பனியில் குதிரைக் குளம்பு, நடிகர்களின் சிரிப்பு, கரேல் ஸ்வோபதாவின் இசை. ஒரு ஓட்டையும் இல்லை.

ஆனால் சும்மா மேலே பேசிவிட்டால் வராது. கதைசொல்லி பேசும்போது அசலை 12 முதல் 15 டெசிபல் இறக்க வேண்டும். அதற்குமேல் இறக்கினால் அசல் செத்துவிடும், குறைவாக இறக்கினால் இரண்டு மொழியும் முட்டும். இறக்கம் சட்டென்று விழக்கூடாது. அரை விநாடியில் சரிந்து, பேச்சு முடிந்ததும் ஒரு விநாடியில் ஏறட்டும். குரல் அசல் வசனம் தொடங்கி ஒரு விநாடி கழித்துத் தொடங்கி, அது முடிவதற்குள் முடியட்டும். அப்போதுதான் நடிகரின் தொனி முதலில் காதில் விழுந்து, பொருள் பின்னால் வரும். வேகமாக வாக்குவாதம் நடக்கும் காட்சியில் இம்முறை தடுமாறும், யார் பேசினார் என்று தெரியாது. பாடல் வந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

அந்தப் படத்தில் உதட்டைப் பற்றிய ஒரு தகவல்: செக் வடிவத்திலேயே இளவரசனாக நடித்த பாவெல் த்ராவ்னீசெக்கின் குரல் அவருடையது அல்ல. அவருடைய மொராவிய உச்சரிப்பு வேண்டாம் என்று பெட்ர் ஸ்வோய்ட்கா பேசினார்.

#12 மேசைவெட்டு

வெட்டுவது பாவம் என்று நான் சொல்லவில்லை சின்னவிழி. எப்படி வெட்டுவது என்பதுதான் கேள்வி. வில்லியைத் துரத்தும் காட்சியை வெட்டாமல் அமைதியான காட்சியை வெட்டுவதே வழக்கம். அதுதான் பிழை. அமைதிக் காட்சியில்தான் மாயக்கதை தன் சட்டங்களைச் சொல்கிறது: மந்திரம் எதனால் பலிக்கும், எதனால் பலிக்காது என்று. அதை எடுத்துவிட்டால் முடிவில் வரும் வெற்றி தற்செயலாகிவிடும்.

1984-இல் வந்த ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் அனிமேஷன் படம் ‘நௌசிக்கா’ 117 நிமிடம். 1985-இல் அமெரிக்காவில் ‘வாரியர்ஸ் ஆஃப் த விண்ட்’ என்று வந்தது 95 நிமிடம். போனது 22 நிமிடம்தான், ஆனால் பூச்சிகளுக்கும் காட்டுக்கும் உள்ள உறவு என்ற அச்சு முறிந்துபோனது. பெயரும் மாறி நௌசிக்கா ‘ஸாண்ட்ரா’ ஆனாள். அதன் பிறகு மியாசாகியின் கிப்லி ஸ்டூடியோ ‘ஒரு ஃபிரேமும் வெட்டக்கூடாது’ என்ற நிபந்தனை இல்லாமல் வெளிநாட்டுக்கு விற்கவில்லை. அந்த ஒரு வெட்டு ஒரு ஸ்டூடியோவின் ஒப்பந்தத்தையே மாற்றிவிட்டது.

வெட்டியே ஆகவேண்டும் என்றால் இசையைக் கேட்டு வெட்டுங்கள். இசை நிமிடத்துக்கு 96 தட்டு என்றால், 24 ஃபிரேமில் ஒரு தட்டுக்குச் சரியாக 15 ஃபிரேம். நான்கு தட்டுச் சுற்று 60 ஃபிரேம், இரண்டரை விநாடி. ஊர்வலக் காட்சியில் 10 விநாடி குறைக்க வேண்டுமானால் நான்கு முழுச் சுற்று, 240 ஃபிரேம், 15 அடி எடுங்கள். தட்டில் தொடங்கித் தட்டில் முடியுங்கள். படம் எங்கே துள்ளினாலும் மன்னித்துவிடுவார்கள், தாளம் துள்ளினால் மன்னிக்க மாட்டார்கள். ‘ஒன்பதரை விநாடி போதும்’ என்று 228 ஃபிரேம் எடுத்தால் நான்கு முழுச் சுற்றுக்கு 12 ஃபிரேம் குறையும், வெட்டு விழுந்த இடத்தில் தாளம் தப்பும். 120 தட்டு என்றால் ஒரு தட்டு 12 ஃபிரேம், கணக்கு அதேபோல. தனித் தட்டு இல்லாத இழுப்பு இசையில் இந்தக் கணக்கு உதவாது. அங்கே ஒரு வாத்தியம் மூச்சு விடும் இடம் பார்த்து, இரண்டு தடத்தை 12 முதல் 24 ஃபிரேம் ஒன்றன்மேல் ஒன்று கரைக்க வேண்டும்.

#13 சின்னவிழி

நன்றி, கணக்கு தெளிவாக இருக்கிறது. நௌசிக்காவின் 22 நிமிடம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ‘வெட்டாமல் டப்பிங் மட்டும்’ என்றால் படம் பத்திரமாக இருக்குமா?

#14 உதட்டெழுத்து

இருக்காது. ஒரு ஃபிரேமும் வெட்டாமல் ஒரு வரியால் முடிவை மாற்றலாம்.

மியாசாகியின் ‘கிகிஸ் டெலிவரி சர்வீஸ்’ (1989). சூனியக்காரச் சிறுமி கிகி வளரும்போது அவளுடைய கறுப்புப் பூனை ஜிஜியின் பேச்சு அவளுக்குப் புரியாமல் போகிறது. ஜப்பானிய வடிவில் கடைசிவரை ஜிஜி திரும்பப் பேசுவதில்லை. அதுதான் வளர்வதன் விலை. டிஸ்னியின் 1998 ஆங்கில வடிவத்தில் ஃபில் ஹார்ட்மன் குரலில் ஜிஜிக்கு நிறைய கூடுதல் வசனம், முடிவிலும் ஒரு வரி. அந்த வரியைக் கேட்டவர்கள் ‘பூனை திரும்பப் பேசிவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது’ என்று எழுந்து போனார்கள். 2010 வெளியீட்டில் அந்த வரியையும் கூடுதல் வசனங்களில் பலவற்றையும் எடுத்துவிட்டார்கள். பூனை வாயசைக்காத இடத்தில் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்ற வசதிதான் ஆபத்து.

அதே வசதியை அளவாகப் பயன்படுத்திய உதாரணமும் உண்டு. அவருடைய ‘ஸ்பிரிடெட் அவே’ ஆங்கில வடிவில், பாலத்தின் முன் அந்தப் பெரிய கட்டடத்தைப் பார்க்கும் சிஹிரோ “இது ஒரு குளியல் மாளிகை” என்ற பொருளில் ஒரு வரி சொல்கிறாள். ஜப்பானியருக்குக் கட்டடத்தைப் பார்த்தாலே தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. ஒரே வரி, ஒரு உண்மை, கதை நகரவில்லை. சேர்ப்பதற்கு என் அளவுகோல் இது: உள்ளூர்க்காரர் கண்ணால் தெரிந்துகொள்வதை வெளியூர்க்காரருக்குக் காதால் சொன்னால் சரி. உள்ளூர்க்காரருக்கே சொல்லாமல் விட்டதை வெளியூர்க்காரருக்குச் சொன்னால் தவறு.

#15 ஒலித்தச்சன்

மௌனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மியாசாகியின் ‘லாப்யூட்டா’ (1986) என்ற 124 நிமிடப் படத்தில் ஜோ ஹிசைஷியின் இசை சுமார் ஒரு மணி நேரம்தான். டிஸ்னி ஆங்கில வடிவத்துக்காக அவரே விரிவாக்கி ஏறக்குறைய 90 நிமிடமாக எழுதினார். இசையமைப்பாளரே எழுதியதால் தரம் குறையவில்லை. ஆனால் காற்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த இடங்களில் இப்போது வயலின் கேட்கிறது. ‘த நெவர்எண்டிங் ஸ்டோரி’யும் (1984) இதே கதை. வுல்ஃப்காங் பீட்டர்சன் ஜெர்மனியில் ஆங்கிலம் பேசும் சிறுவர்களை வைத்து எடுத்தது, ஜெர்மன் பேச்சே டப்பிங்தான். ஜெர்மன் வடிவம் 102 நிமிடம், கிளாஸ் டோல்டிங்கரின் இசை மட்டும். வெளிநாட்டு வடிவம் 94 நிமிடம், ஜார்ஜியோ மொரோடரின் சிந்தசைசர் இசையும் லிமால் பாடிய பாட்டும் சேர்ந்தவை.

#16 வடதிசை

இன்று ஒரு பழைய படத்துக்கு எம் அண்ட் இ இல்லை, கலந்த ஒற்றைத் தடம் மட்டும் இருக்கிறது என்றால் வழி என்ன? கணினி கொண்டு குரலைப் பிரித்தெடுக்கலாம் என்கிறார்களே.

#17 ஒலித்தச்சன்

பிரிக்கலாம், ஆனால் அதை அப்படியே கலவைக்கு அனுப்பாதீர்கள். பழைய ஒளிவழித் தடத்தில் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் இருக்காது, குரலும் வயலினும் அதே நடுப்பகுதியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். குரலைப் பிடுங்கும்போது வயலினின் ஒரு விரலும் சேர்ந்து வரும். மிச்சம் தண்ணீருக்குள் கேட்பது போலக் குழறும். நேரே மேலே புதுக்குரல் இருக்கும்வரை அது மறையும். இரண்டு வசனத்துக்கு நடுவே வெளிப்படும். அதனால் வசனம் இல்லாத இடங்களில் தொடாத அசல் தடம், வசனத்தின் கீழே மட்டும் பிரித்த தடம், இரண்டுக்கும் இடையில் 6 ஃபிரேம் கரைசல் என்று ஒட்டுப்போட வேண்டும்.

பிறகு நிரப்பு. காலடி, உடை உரசல், கத்தி, கதவு எல்லாம் திரையைப் பார்த்து புதிதாகப் பதிவது. கூட்டத்தின் இரைச்சலைப் புதிய மொழியிலேயே பதியுங்கள், அடியில் ரஷ்யக் கூட்டம் கத்தினால் காட்டிக்கொடுக்கும். பெருமூச்சு, விசும்பல், சிரிப்பு இவற்றைத் தனித் தடத்தில் வையுங்கள். டப்பிங் கலைஞர் செய்தால் எடுத்துவிடலாம், செய்யாவிட்டால் அசலையே விடலாம். அசல் நடிகரின் சிரிப்பிலிருந்து டப்பிங் குரலின் பேச்சுக்கு ஒரே மூச்சில் போவதுபோல வந்தால் மட்டும் சிரிப்பையும் மறுபடி பதியுங்கள், இரண்டு ஆள் என்று உடனே தெரியும்.

கடைசியாக, புதுக்குரல் மிகச் சுத்தமாக இருக்கும். 1959-இன் தடத்தின்மேல் அது ஒட்டவைத்த காகிதம் போலத் துருத்தும். பதிவை முழுத் தரத்தில், 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட்டில் செய்யுங்கள். கலவையில் மேல்பகுதியை அசல் தடம் சரியும் அதே இடத்தில் சரியவிடுங்கள், அந்தக் காட்சியின் அறை எதிரொலியைக் கொஞ்சம் ஊட்டுங்கள். வசனமே இல்லாத இடத்திலிருந்து அந்தக் காட்சியின் வெற்று இரைச்சலை எடுத்துப் புதுக்குரலின் கீழே தொடர்ச்சியாக ஓடவிடுங்கள். அசலில் 30 விநாடி வெற்று இரைச்சல் கிடைப்பது அபூர்வம். 2 விநாடித் துண்டு கிடைத்தால் அதைத் திருப்பிப்போட்டு, அடுத்து நேராக, அடுத்து மறுபடி திருப்பி என்று கோத்தால் சுற்று கேட்காது.

#18 வடதிசை

அமெரிக்கப் பிரதியில் ஒலித்தச்சன் சார் சொன்ன சோதனையை முதல் ரீலில் செய்து பார்த்தேன். ஐந்து வெட்டில் நான்கில் ஒலியும் படமும் ஒரே ஃபிரேமில் விழுகின்றன. ஐந்தாவதில் படம் மாறிய பிறகும் 26 ஃபிரேம் பழைய ஒலி கேட்கிறது.

#19 ஒலித்தச்சன்

அப்படியானால் அந்த ஐந்தாவது வெட்டு 1964-இல் விழுந்தது இல்லை. 16 எம்எம் பிரிண்ட்டில் யாரோ பின்னால் ஒட்டியது. பெரும்பாலும் அறுந்த இடத்தை ஒட்டியிருப்பார்கள். அதை 24 நிமிடக் கணக்கில் சேர்க்காமல், மற்ற நான்கையும் ஃபின்னிஷ் வடிவத்தோடு வைத்து எண்ணுங்கள்.